தேங்கும் நீர் சொல்லும் சேதி

தலவாக்கலைக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எமக்கு வரைந்த கடிதமே இவ்வாரம் இப்பகுதிக்குப் பொருளாகிறது. கொழும்பிலே கடையொன்றிற் பணிபுரியும் அவருடைய மகள், ஈராண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு தாயாருக்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கி அனுப்பியிருக்கிறாள். முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய விரல்கள் அத்தாயாருடையவை. குளிர்ந்த பீலித் தண்ணீரில் கம்பளியையும் போர்வையையும் கசக்கிப் பிழிய அவ்விரல்கள் இனி இடங்கொடா. ஆதலின் அவ்வீட்டில் அந்த இயந்திரம் ஆடம்பரப் பொருளன்று.

மூன்றாம் மாதத்திலே வில்லங்கம் தோன்றிவிட்டது. அவர் எழுதுகிறார்: "துணி நன்றாக வெளுக்கிறது. அழுக்குத் தண்ணீர்தான் போகமாட்டேன் என்கிறது. முன்பு ஐந்து நிமிடத்திற் போய்விடும். இப்போது அரை மணியாகிறது. அதன் பிறகும் ஒரு சாண் தண்ணீர் அடியிலே நின்றுவிடுகிறது. கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றுகிறேன். வந்து பார்த்தவர் மோட்டரை மாற்ற வேண்டுமென்றார். அவர் சொன்ன தொகைக்கு நான் எங்கே போவேன்? மகளிடம் இதைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு வருவாள். அதற்கு முன் வழியுண்டா?"

கடிதத்தின் பின்புறத்தில், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, மேலும் மூன்று வரிகள் இருந்தன: "கீழ் லயத்தார் தங்கள் பீலிக்குச் சவர்க்கார நுரை வருகிறதென்று வருந்தினார்கள். அதனால் குழாயை இஸ்தோப்பின் குட்டைச் சுவருக்கு மேலாக எடுத்து, வீட்டிலிருந்த செடிக்குத் தண்ணீர் விடும் குழாய்த் துண்டொன்றையும் பொருத்தி, பின்புறச் சரிவிலே விட்டிருக்கிறோம். இயந்திரம் இரண்டு தொட்டி உள்ளது."

நோயின் வரலாறு முழுவதும் இம்மூன்று வரிகளுள் அடங்கியிருக்கிறது. நேயர்கள் பலருடைய இல்லங்களிலும் இதே தொல்லை வேறு வேறு உருவில் இருத்தல் கூடுமாதலால், அதனைச் சற்று விரித்தே ஆராய்வோம்.

தள்ளும் இயந்திரமும் விடும் இயந்திரமும்

நீரை வெளியேற்றும் முறையைக் கொண்டு சலவை இயந்திரங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில், அடியிலே ஒரு சிறு பம்பி இருக்கும். அது நீரை மேலே தள்ளி வெளியேற்றும். முன்புறக் கதவுள்ள இயந்திரங்கள் யாவும் இவ்வகையின. மேற்புறம் திறக்கும் தானியங்கி இயந்திரங்களிற் சிலவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகையில் வழக்கமாகப் பம்பி என்பதே இல்லை. தொட்டியின் அடியில் இறப்பரினாலான ஓர் அடைப்பான் இருக்கும். திருகுபிடியை நாம் திருப்பும்போது ஒரு பட்டி அந்த அடைப்பானை மேலே தூக்குகிறது, வழி திறக்கிறது, நீர் தன் எடையாலே தானே இறங்கிப் போகிறது. இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் பெரும்பாலும் இவ்வாறானவை. மேற்புறம் திறக்கும் தானியங்கி இயந்திரங்கள் சிலவற்றிலும் இம்முறையே உண்டு. இயந்திரத்துடன் வரும் கைந்நூலில் வெளியேற்றுக் குழாயை வைக்கும் உயரம் படமாகக் காட்டப்பெற்றிருக்கும். குழாய் தரையோடு கிடத்தல் வேண்டுமென்று அதிற் கண்டால், உங்களுடையது நீரைத் தள்ளும் இயந்திரமன்று. நீருக்கு வழி விடும் இயந்திரம் என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த வேறுபாட்டை அறியாமையினாலேயே அனேக வீடுகளில் வீண்செலவு உண்டாகிறது. சகோதரியாரின் இரட்டைத் தொட்டியில் ஒரு மோட்டர் துணியைச் சுழற்றுகிறது. மற்றொரு மோட்டர் துணியைப் பிழிகிறது. துவைத்த நீரை வெளியேற்றுதற்கு மோட்டர் எதுவும் உழைப்பதில்லை. துணி நன்றாக வெளுக்கிறதென்று அவரே எழுதுகிறார். அங்ஙனமாயின், நீர் தேங்குவதற்காக மோட்டரை மாற்றுவது தலைவலிக்குக் காலிற் பற்றுப் போட்டதாகவே முடியும். பழுது பார்ப்பவர் ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமென்று சொல்லும்போது, "ஐயா, இந்தப் பாகம் நீர் வெளியேறுவதற்கு என்ன தொழில் செய்கிறது?" என்று பணிவாகக் கேட்டறிவதிற் குற்றமில்லை. நன்கு தொழில் அறிந்தவர் அதற்கு மகிழ்ந்தே விடை கூறுவார்.

நீரின் நடையைப் பாருங்கள்

மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதைப்போல, நீர் எவ்வாறு தாமதிக்கிறது என்பதை ஒருமுறை பொறுமையாக நின்று கவனித்தல் வேண்டும். தாமதம் ஒன்றாயினும், அதன் நடை பலவகை.

தொடக்கத்தில் ஓரளவு போய், பின்னர் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நீர் நின்றுவிடுகிறதா? குழாய் எங்கோ அந்த மட்டத்திற்கு உயர்த்தப்பட்டிருக்கிறது.

தொடக்கம் முதல் முடிவு வரை நூலிழை போலவே வடிகிறதா? வழி எங்கோ குறுகியிருக்கிறது. குழாய் மடிந்திருக்கலாம், பஞ்சு அடைத்திருக்கலாம், அடைப்பான் பாதியே திறந்திருக்கலாம்.

"களக், களக்" என்ற ஓசையுடன் விட்டு விட்டு வருகிறதா? குழாய் மேடு பள்ளமாய்க் கிடந்து, மேட்டிலே காற்று அடைபட்டிருக்கிறது. மலையூற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரும் தோட்டத்து மக்களுக்குக் குழாயிற் காற்றுப் பிடித்தல் புதிய செய்தியன்று.

துவைத்த நீர் மெல்லப் போய், அலசிய நீர் விரைந்து போகிறதா? சவர்க்காரத் தூள் மிகுதியாகி, நுரை வழியை அடைக்கிறது.

வெயில் நாளில் ஒழுங்காகவும் மழை நாளில் தாமதமாகவும் போகிறதா? இயந்திரத்தை விட்டுவிடுங்கள், வெளியேயுள்ள கானைப் பாருங்கள்.

துவைக்கும் தொட்டியைத் திறந்துவிட்டதும் பக்கத்திலுள்ள பிழியும் தொட்டியில் நீர் ஏறுகிறதா? இது மிகச் சிறந்த அடையாளம். இரு தொட்டிகளின் நீரும் கீழே ஒன்றுகூடியே வெளியேறுகின்றன. பிழியும் தொட்டியின் வழிக்கு அடைப்பான் இல்லை. ஆகையால், கூடும் இடத்திற்கு அப்பால், அதாவது வெளிக்குழாயிலே, தடை இருக்குமாயின் நீர் திரும்பிவந்து பிழியும் தொட்டியில் ஏறும். அவ்வாறு ஏறாமலும், பிழியும் தொட்டியின் நீர் விரைந்தும், துவைக்கும் தொட்டியின் நீர் மட்டும் தாமதித்தும் போகுமாயின், தடை அடைப்பானிலோ அதற்கு மேலோ இருக்கிறதென்று துணியலாம்.

மாணவர்கள் இங்கே ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். குறையொன்றுமில்லாத தொட்டியிலும், நீர் குறையக் குறைய ஓட்டத்தின் வேகமும் குறையத்தான் செய்யும். 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி இதன் விதியைக் கண்டறிந்தார். துளையினின்றும் வெளிப்படும் நீரின் வேகம், துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 16 அங்குல உயரத்தில் நீர் நிற்கும்போது உள்ள வேகம், 4 அங்குலமாகக் குறைந்ததும் பாதியாகிவிடும். வெறும் தகரக் குவளையொன்றின் அடியோரத்தில் ஆணியால் துளையிட்டு, நீர் நிரப்பி, தாரை எவ்வளவு தூரம் பாய்கிறதென்பதைக் குறித்துக்கொண்டே வந்தால் இவ்விதியை வீட்டு வாசலிலேயே கண்டுகொள்ளலாம். ஆதலின், கடைசிச் சிறிதளவு நீர் மெல்லப் போவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. போகாமலே நின்றுவிடுவதே பிழை.

வெளியிலிருந்து உள்ளே

அடைத்த கானைத் துப்புரவு செய்வதற்குக் கீழ்முனையை முதலில் திறந்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வருவதே சிறந்த முறை. மேலிருந்து தொடங்கினால், வாரிய சேறு கீழே போய் மீண்டும் அடைக்கும். இயந்திரத்திற்கும் இதுவே முறை. வாய்முனை முதலாவது, உட்பாகம் இறுதியானது. இதனால் செலவில்லாத வேலைகள் முன்னும் செலவுள்ளவை பின்னும் வரும்.

எதைத் தொடுமுன்னும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பழைய லயக் காம்பராக்களின் மின்னிணைப்புகளில் நிலத்தொடுப்புக் கம்பி சரியாக இல்லாதிருத்தலும் உண்டு. நனைந்த தரையில் வெறுங்காலுடன் நின்று, மின்சாரம் உள்ள இயந்திரத்தினுட் கைவிடுதல் உயிருக்கே உலை வைக்கும். இயந்திரத்தின் உடலைத் தொடும்போது மெல்லிய அதிர்ச்சி தோன்றுமாயின், நீர் வடிவதைப் பற்றிய ஆராய்ச்சியை ஒத்திவைத்து, தகுதிபெற்ற மின்தொழிலாளரை முதலில் அழைத்தல் வேண்டும். சிறுவர்கள் இவ்வேலையைத் தனியே செய்யலாகாது.

முதலாவது, வாளிச் சோதனை. தோட்டக் குழாய், இணைப்புத் துண்டு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, இயந்திரத்துக்கு உரிய குழாயை மட்டும் தரைமட்டத்திலே ஒரு தாழ்ந்த பேசினில் விடுங்கள். இயந்திரத்தில் வெறும் நீரை ஊற்றித் திறந்துவிடுங்கள். நீர் நன்றாகப் பாயுமாயின் இயந்திரத்தில் யாதொரு பழுதுமில்லை, குற்றம் வெளியேதான். பேசின் நிரம்புமுன் மூடிவிட்டு, வேண்டுமாயின் மீண்டும் செய்து பார்க்கலாம். இச்சோதனைக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஆயினும், பத்திற்கு ஐந்து ஐயங்களை இதுவே தீர்த்துவிடும்.

இரண்டாவது, குழாய். அதனைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், ஒரு முனையைப் பீலியின்கீழ் பிடியுங்கள். மறுமுனையில் நீர் தடையின்றி வரவேண்டும். சுருக்கச் சுருக்கமாக உள்ள குழாயின் மடிப்புகளிலே பஞ்சும் பிசுக்கும் படிந்திருக்கும். கூரிய கம்பியை உள்ளே விட்டால் குழாய் கிழியும். நீண்ட கயிற்றிலே துணி முடிச்சிட்டு இழுப்பதே நலம்.

குழாயை நீட்டுவதற்கு அதனினும் ஒடுங்கிய குழாயை இணைத்தல் பெரும்பிழை. விட்டம் பாதியானால், வாயின் பரப்புக் காற்பங்காகிவிடும். ஒடுங்கிய குழாயின் உராய்வையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டம் அதனினும் குறையும். நீட்டத்தான் வேண்டுமாயின், அகன்ற பி.வி.சி. குழாயொன்றை மேடு பள்ளமின்றி ஒரே சரிவாக அமைத்து, இயந்திரத்தின் குழாயை அதன் வாயினுள் தளர்வாக விடுக. காற்றுப் புக இடமின்றி இறுக்கி அடைத்துவிடலாகாது.

மூன்றாவது, தொட்டியின் அடி. சுழலும் தட்டின் ஓரத்திலும், வடியும் வாயின் சல்லடையிலும் பொத்தான், காசு, கொண்டை ஊசி, குழந்தையின் காலுறை முதலியன ஒளிந்திருக்கும். பஞ்சு சேரும் வலைப்பை இருந்தால், ஒவ்வொரு முறையும் அதனை உதறிக் கழுவுதல் வேண்டும்.

நான்காவது, அடைப்பான். இதற்கு இயந்திரத்தின் பின்பலகையைத் திருப்புளியாற் கழற்ற வேண்டிவரும். திருகுபிடியைத் திருப்பும்போது பட்டி இழுபட்டு, அடைப்பான் நன்றாக மேலெழ வேண்டும். பட்டி நீண்டு தொய்ந்திருந்தால் அடைப்பான் பாதியே திறக்கும். பட்டியை இறுக்குவது அல்லது மாற்றுவது சிறிய வேலையே. அடைப்பானின் கீழே துணிநூல் சிக்கியிருந்தால், திறக்கும்போது தாமதமும் மூடும்போது ஒழுக்கும் உண்டாகும். கைப்பழக்கம் உள்ளவர்கள் இதைத் தாமே செய்யலாம்; மற்றவர்கள் அனுபவமுள்ளவரை அழைத்து, "அடைப்பானைப் பாருங்கள்" என்று குறித்துச் சொன்னால் வேலை எளிதாகும்.

பம்பியுள்ள இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு சொல். அதன் முன்புறத்து அடியில், ஒரு சிறு மூடியின் பின்னே, திருகிக் கழற்றக்கூடிய வடிகட்டி இருக்கும். தலவாக்கலையிலே கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டப்பெற்று, 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின் நிலையம் 150 மெகாவாட் வலுவுடையது. அத்தகைய நிலையங்களிலும், நீர் உட்புகும் வாயிலிற் கம்பித் தடுப்புகள் வைத்தே மரக்கிளையையும் குப்பையையும் மறிப்பார்கள். இல்லையேல் சுழலிகள் சேதமுறும். நம் வீட்டு இயந்திரத்தின் வடிகட்டி செய்யும் தொழிலும் அதுவே. மாதம் ஒருமுறையேனும் அதைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். நீர் சூடாயிருந்தால் ஆறவிட்டு, கீழே ஒரு தட்டும் பழைய துவாயும் வைத்து, மெல்ல மெல்லத் திருகுங்கள். தேங்கிய நீர் திடீரெனப் பாயும். வடிகட்டிக்குப் பின்னாலுள்ள சிறு சக்கரத்தில் நூலோ மயிரோ சுற்றியிருந்தால் நீக்குக. அச்சக்கரம் காந்தத்தினால் சற்றுத் தடங்கித் தடங்கிச் சுழல்வது இயல்பு; அது பழுதன்று. பம்பி உறுமியும் நீர் போகாவிடின் ஏதோ சிக்கியிருக்கிறது. உறுமலே இல்லாவிடின் மின்பழுதாயிருக்கலாம். அது தொழில்வல்லாரின் வேலை.

மலைநாட்டுக்கு உரிய காரணங்கள்

சலவை இயந்திரத்தைப் பற்றிப் பிற நாட்டார் எழுதும் ஆலோசனைகள் யாவும் நம் மலைநாட்டுக்குப் பொருந்துமென்று கொள்ளலாகாது. "வினாகிரியை ஊற்றிச் சுண்ணாம்புப் படிவைக் கரையுங்கள்" என்று பலர் கூறுவர். சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணத்தின் கிணற்று நீருக்கு அது ஏற்ற யோசனையாகலாம். நமது மத்திய மலைநாடோ பழைமையான பளிங்குருப் பாறைகளாலானது. அவற்றினிடையே ஊறிவரும் நீர் பொதுவாக மென்னீர். அதிலே சுண்ணாம்பு படிவது அரிது.

ஆனால் மென்னீருக்கு வேறொரு குணம் உண்டு. அதிற் சவர்க்காரம் விரைவாகவும் மிகுதியாகவும் நுரைக்கும். வன்னீரையும் எண்ணி உறையில் அச்சிடப்பெற்ற அளவையே இங்கும் இட்டால், நுரை தொட்டியை நிறைத்துக் குழாயையும் அடைக்கும். நுரை என்பது பெரும்பாலும் காற்றேயாதலால் அதற்கு எடையில்லை. எடையில்லாதது தானே கீழிறங்காது. பம்பியும் அதனைத் தள்ள இயலாது தவிக்கும். ஆகவே, குறித்த அளவிற் பாதியை இட்டுத் துவைத்துப் பாருங்கள். துணி வெளுத்தால் அதுவே உங்கள் ஊருக்கு உரிய அளவு. தூளும் மிச்சம், அலசும் நீரும் மிச்சம்.

இரண்டாவது காரணம் குளிர். கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலுள்ள தலவாக்கலையில் மார்கழி, தை மாதத்துக் காலைத் தண்ணீரிலே தூள் எளிதிற் கரையாது. கரையாத தூள், உடலின் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து குழாயின் உட்புறத்திற் களிம்பாகப் படிகிறது. தூளை முன்னரே ஒரு கோப்பை வெந்நீரிற் கரைத்து ஊற்றுவது நன்று. மாதம் ஒருமுறை, துணியின்றி, கை பொறுக்கும் சூட்டில் நீரூற்றி வடியவிட்டால் களிம்பு இளகிப்போம். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக்கும் இறப்பரும் கெடும். அடைப்பு நீக்கும் கார மருந்துகளை இயந்திரத்தினுள் ஒருபோதும் இடலாகாது.

மூன்றாவது, நாம் உடுப்பவை. குளிர்ப் பிரதேசத்திலே கம்பளிச் சட்டையும் குல்லாவும் போர்வையும் ஏராளம். அவற்றினின்று உதிரும் நூலுக்கு அளவில்லை. 2016 இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார், 6 கிலோகிராம் அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் நீரோடு செல்லக்கூடுமென்று கணித்தனர். கடைகளில் "கம்பளி" என்று பெயர்பெற்று மலிவாக விற்பனையாவது பெரும்பாலும் இந்த அக்ரிலிக்கே. இவற்றோடு, மலையிலிருந்து வந்த உடையின் மடிப்பிலே கொழுந்துக் காம்பும், புல்விதையும், மண்ணும் இருக்கும். இயந்திரத்தில் இடுமுன் வெளியே நன்றாக உதறி, சட்டைப்பைகளைப் புரட்டி, சேறு படிந்ததை ஒருமுறை அலசிவிட்டால், அடைப்பிற் பாதி அப்போதே தீர்ந்தது.

போன நீர் எங்கே போயிற்று?

இனி, சகோதரியாரின் கடிதத்திலே எம்மைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்த இடத்துக்கு வருவோம். குழாய் இப்போது பின்புறச் சரிவிலே விடப்பட்டிருக்கிறது.

இரட்டைத் தொட்டியில் ஒருமுறை துவைத்து இருமுறை அலசினால் 100 லீற்றர் நீர் எளிதிற் செலவாகும். வாரத்தில் மூன்று நாள், ஒரே இடத்தில், மண்சரிவின்மேல் அந்நீர் ஊறுமாயின், அவ்விடத்து மண் வெயில் நாளிலும் உலரப்பெறாது. அதன்மேற் பெருமழை வந்து சேர்ந்தால், மண்ணின் பாரம் கூடுகிறது. மண்துகள்களிடையே நீரழுத்தம் மிகுந்து, ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் நேர்ந்த சரிவுகளையும் மறந்தவர் எவருமிலர். அவற்றுக்குப் பெருமழையே காரணம். துணி துவைத்த நீரன்று. எனினும், மழையை நிறுத்த நம்மால் இயலாது. வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்ணை நாமே நனைக்காதிருக்க இயலும். கழிவு நீரைச் சரிவில் ஊறவிடாது கட்டப்பெற்ற கான் வழியே அகற்றுவது, மலைநாட்டில் வாழ்வோர் கைக்கொள்ள வேண்டிய முதற் பாதுகாப்புகளுள் ஒன்று.

தேயிலைச் செடிக்கு இடையிலே கான் வெட்டியவர்கள் நம் முன்னோர். ஓடும் நீரை மெல்ல நடத்தி, மண்ணைக் குழியிலே தங்கவைத்து, மலையை மலையாகவே நிற்கச் செய்த கைத்தொழில் அது. செடிக்குச் செய்த அந்த உபசாரத்தை நம் வீட்டுச் சுவருக்கும் செய்தல் வேண்டாமா?

கீழ் லயத்தாரின் வருத்தமும் நியாயமானதே. பீலிக்கரையில் கல்லிலே துவைத்த நாட்களில், எல்லாருடைய அழுக்கும் எல்லாரும் காண ஒரே இடத்திற் போயிற்று. இயந்திரம் வந்தபின், நம் அழுக்கு நீர் நம் கண்ணுக்கு மறைந்து, பிறர் குடிக்கும் நீர் இருக்குமிடத்திற் போய் வெளிப்படுகிறது. மேட்டில் வாழ்பவருக்கு இப்பொறுப்பு அதிகம். தலவாக்கலையிற் கழிந்த நீர் கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு கலந்து, திருகோணமலைக் கடல்வரை பயணம் போகிறது. கீழே இருப்பவர் பக்கத்து லயத்தாராயினும் பல காத தூரத்து உழவராயினும், அவர்களும் நமக்கு அயலாரே.

செய்யத்தக்கது

ஆகவே, சகோதரியாருக்கு எமது யோசனை இது. முதலில் வாளிச் சோதனையைச் செய்க. எமது எண்ணத்தின்படி நீர் முன்போலவே ஐந்து நிமிடத்திற் போய்விடும். தொட்டியில் நிற்கும் நீர்மட்டத்தையும் குட்டைச் சுவரின் உச்சியையும் ஒரு நீண்ட கழியைக் கிடையாகப் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள்; ஏறக்குறைய இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். குழாய் முழுதும் நீர் நிரம்பி நின்றால், சுவருக்கு அப்பாலுள்ள தாழ்வு எஞ்சிய நீரையும் இழுத்துக்கொள்ளக் கூடும். இடையிலே காற்றுப் புகுந்ததும் அந்த இழுவை அறுந்துபோகிறது. சுவரை ஏறிக் கடக்கத் தன்னிடம் ஆற்றலில்லாத நீரே உங்கள் தொட்டியில் தேங்கி நிற்கிறது.

பின்னர், அந்தத் தோட்டக் குழாய்த் துண்டை அகற்றிவிடுக. தோட்ட நிருவாகத்தின் இசைவுபெற்று, சுவரின் அடியிலே தரைமட்டத்தில் ஒரு துவாரமிட்டு, அகன்ற குழாயொன்றைச் சரிவாக அமைத்து, பீலிக்குக் கீழ்ப்புறமாக ஓடும் சீமெந்துக் கானிலே சேர்ப்பிக்கவும். எவருடைய பீலிக்கும் மேற்புறமாக அந்நீர் போகலாகாது. இடவசதியிருந்தால், கானிற் சேருமுன் ஒரு சிறு சீமெந்துத் தொட்டி கட்டி, அதன் வாயிற் சல்லடைக் கூடையொன்றை வைத்தால், பஞ்சும் நூலும் அதிலே தங்கும். குழாயின் வாயிலேயே துணி கட்டி வடிக்க முயல வேண்டாம்; அத்துணி நிறைந்ததும், பழைய தாமதம் புதிதாக வந்து சேரும். கூடையிற் சேர்ந்த பஞ்சை ஓடையில் உதறாமல் குப்பையோடு சேர்க்க வேண்டும்.

துவாரமிட இசைவு கிடைக்குமட்டும், துவைக்கும் நாளில் இயந்திரத்தை வாசற்பக்கமாக நகர்த்தி, குழாயைத் தாழ்வாகவே ஒரு வாளியில் விட்டு, நிரம்ப நிரம்ப மூடித் திறந்து, அந்த வாளியைச் சீமெந்துக் கானில் ஊற்றலாம். வாளியைச் சுமக்க வீட்டிலுள்ள பிள்ளைகளும் ஆண்மக்களும் கைகொடுப்பார்களாக. தாயின் விரல்களுக்கு ஓய்வு தருவதற்கென்றே வந்த இயந்திரமன்றோ அது?

இவ்வளவும் செய்யக் கீழ் லயத்தாரையும் அழைத்துப் பேசுவது நல்லது. எந்தக் கானிலே நீர் விடலாம், எப்பீலிக்கு அது எட்டாது என்பதை அவர்களே நன்கறிவர். ஒரு கானை இரு வீட்டார் சேர்ந்து வாரினால் ஒரு காலையில் வேலை முடியும். நாளை அவர்கள் வீட்டிலும் ஓர் இயந்திரம் வரும். அதன் நீரும் யாரோ ஒருவருடைய வாசலை நோக்கியே இறங்கும்.

நீருக்குப் பேசத் தெரியாது. ஆயினும், தான் நிற்கும் மட்டத்தாலும் போகும் நடையாலும் அது தன் குறையைச் சொல்லிவிடுகிறது. இயந்திரம் தேங்கி நின்றால் பணப்பையைத் திறக்குமுன் குழாயின் வாயைச் சென்று பாருங்கள். அங்கிருந்து ஒவ்வோர் அடியாக உள்ளே வாருங்கள். பின்னர் ஒருமுறை வெளியேயும் நடந்து, அந்த நீர் கடைசியாக யாருடைய வாசலில் இறங்குகிறதென்பதையும் கண்டுவாருங்கள்.